அண்ணியின் அறைக்கு இன்னொரு கதவு

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கால் ஆடவேண்டும், இல்லை கை எதையாவது நோண்டவேண்டும். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: நாள் முழுக்க உயர ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேர்கோடு போடுவது. எண்பதுகளின் நடுவில் மலேசியாவில், கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில், வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் சீன முதலாளியிடம், தவுக்கே என்போம், வேலைக்கு இருந்தேன். கீழே கருவாட்டுக் கடை, மேலே தகரக் கூரையின் சூடு. வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய தாளில் மைப்பேனாவால் கோடு இழுக்கவேண்டும். வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் போச்சு. தப்பாகிப்போன கோட்டைச் சவர பிளேடால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். ஒரே இடத்தில் அதிகம் சுரண்டினால் தாள் கிழிந்துவிடும். அப்படிக் கிழிந்துபோன ஒரு தாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஒரு நாள் அப்பா அந்த மாடிப்படி ஏறி வந்தார். எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு வேலையை விட்டுவிட்டு, பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தார். தவுக்கேயிடம் மலாயில் இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு என் மேசைக்கு வந்தவர், "அண்ணனுக்கு ஒரு வீடு வரையணும்" என்றார். அண்ணன் செத்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அண்ணன் சீன் வரைகிறவன். எஸ்டேட் கோயில் திருவிழாக்களில் நாடகம் போடுவார்களே, அதற்குப் பின்னால் தொங்கும் பெரிய படுதாக்கள் எல்லாம் அவன் கைவேலை. அரண்மனை, காடு, நந்தவனம், தெரு. பகலில் செம்பனைக் குலை வெட்டப் போவான். திரும்பி வந்தால் சாயமும் பிரஷ்ஷும்தான் அவனுக்கு உலகம். அவன் இருந்த நாடகக் குழுவுக்குத் தங்க இடம் கிடையாது. சுங்கை பெசாரில் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த எஸ்டேட்டில் ஆட்டம் தொடங்கும்வரை, கோயில் கொட்டகையிலோ காலியாகிப்போன லயத்து வீட்டிலோ முடங்கிக் கிடப்பார்கள். வாய்விட்டு ஒரு பாட்டை ஒத்திகை பார்க்க முடியாது. யாராவது வந்து ஏசிவிட்டுப் போவார்கள். வீடியோ வாடகைக் கடைகள் வந்த பிறகு நாடகத்துக்கு மதிப்பும் கொஞ்சம் குறைந்துவிட்டது. "இவங்களுக்குன்னு ஒரு வீடு கட்டணும்லா" என்று அண்ணன் எந்நேரமும் அனத்துவான். படுத்துத் தூங்க அறை, படுதா விரித்து வரையக் கூடம், தொண்டை கிழியப் பாட ஒரு இடம் என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுவான். அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. அதிலேயே போய்விட்டான்.

அந்த வீட்டைத்தான் அப்பா கட்டப் போகிறேன் என்று வந்து நின்றார். அண்ணன் கேட்டதெல்லாம் அதில் இருக்கும். கூடவே அண்ணனும் இருப்பான். கூடத்தின் நடுச்சுவரில் அவன் படம், படத்துக்குக் கீழே அவன் பிரஷ்கள், அதற்கு முன்னால் விளக்கு. "உள்ள வர்றவன் எவனா இருந்தாலும் மொதல்ல அவன் மொகத்தப் பாக்கணும். அப்புறந்தான் மத்த வேலை" என்றார். எனக்குச் சரி என்றுதான் பட்டது. பட்டதென்ன, பிடித்தே இருந்தது. அவன் சாவதற்கு முன், அண்ணனை நான் பார்க்காத நாள் ஒன்றுகூட இருந்ததில்லை.

அந்த விளக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருமாதி முடிந்த அன்றைக்கு அப்பா படத்துக்கு முன்னால் ஒரு விளக்கை ஏற்றி, இது அணையவே கூடாது என்றார். சொன்னவர் அவர். பார்த்துக்கொண்டவள் அண்ணி. எண்ணெய் குறையாமல், திரி கருகாமல், காற்றில் படபடக்காமல் அந்த ஒற்றைச் சுடரைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு தடவை பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவுக்கு அவளோடு போயிருந்தேன். துணிக்கடையில் ஒரு சேலையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று அதைக் கீழே போட்டாள். எண்ணெய் ஊற்றினேனா இல்லையா என்று தெரியவில்லை என்றாள். வாங்கிய சாமானைக்கூட என்னிடம் விட்டுவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அண்ணி அதற்கு முன்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவளும் அதே நாடகக் குழுவில் இருந்தவள்தான். ராணி வேஷம் கட்டிப் பாடுவாள். அண்ணன் அவளைக் கண்டுபிடித்ததே அங்கேதான், தான் வரைந்த அரண்மனைக்கு முன்னால். கல்யாணத்துக்குப் பிறகும் பாடினாள். முதல் வரிசையில் உட்கார்ந்து, "எம் மருமவ" என்று பக்கத்தில் இருப்பவனை இடித்துச் சொல்லிக் காட்டியவர் எங்கள் அப்பா. அண்ணன் போன பிறகு பாடாதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. விளக்கு அணையாமல் பார்த்துக்கொள் என்று மட்டும்தான் சொன்னார்கள். அதுவே போதுமாக இருந்தது.

முதல் பிளானை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தரையில் விரித்தேன். அப்பா முழங்காலூன்றிப் பார்த்தார். அண்ணனுக்கு, மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் கூடத்தைப் பார்த்துத் திறப்புமாக ஒரு சின்ன அறை. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு, வெளிச்சம் நேரே அவன் முகத்தில் விழுவதற்கு. தங்கும் அறைகளின் கதவெல்லாம் கூடத்துக்கே திறக்கும். எங்கே நின்றாலும் அவன் தெரிவான். இதை நினைத்து எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அண்ணியின் அறை, படத்துக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டி. விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்தால் அவளுக்கும் வசதி என்று அப்பா சொன்னார். கடைசிவரை அவளுக்கு ஒரு கூரை இருக்கும், ஆட்டக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு மரியாதையாக இருப்பாள் என்றும் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

அப்பா எழுந்து போன பிறகு அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பையைத் தாளில் படாமல் தள்ளி வைத்துவிட்டு, தன் அறை எது என்று கேட்டாள். காட்டினேன். அவள் அந்த அறைக்குள் விரலை வைத்தாள். அங்கிருந்து கதவு வழியாக, படத்தைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசல்வரை விரலை நகர்த்திக்கொண்டு போனாள். திரும்பவும் அதே வழியில் அறைக்குள் கொண்டுவந்தாள்.

"பாப்பா, இதுக்கு இன்னொரு கதவு இல்லியா?"

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் கூடத்தையோ கண்ணாடி ஓட்டையோ நான் பார்க்கவில்லை. அந்த விரல் போன வழியைத்தான் பார்த்தேன்.

மறுநாளே அவள் அறையின் பின்சுவரில் ஒரு கதவு வரைந்தேன். அப்பா பார்த்துவிட்டு, பொம்பளை தனியாக இருக்கிற அறைக்குப் பின்கதவு வைத்தால் ஊர் என்ன பேசும் என்றார். சுரண்டினேன். துணி காயப்போட வழி வேண்டும் என்று சொல்லித் திரும்ப வரைந்தேன். சுற்றிக்கொண்டு போகட்டும் என்றார். சுரண்டினேன். தீப்பிடித்தால் ஓட வழி வேண்டாமா என்று கேட்டுப் பார்த்தேன். விளக்கை வைத்துக்கொண்டு தீயைப் பற்றிப் பேசுகிறாயா, வாயைக் கழுவு என்று ஏசினார். பிளேடு மூன்றாவது தடவை போனபோது தாள் அந்த இடத்தில் பிளந்துகொண்டது. தாளைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு மாடியில் அங்குமிங்கும் நடந்தேன். உனக்குக் காலில் எறும்பா என்று தவுக்கே கேட்டார்.

புதுத் தாளில் கதவு வரையவில்லை. ஜன்னல் வரைந்தேன். கதவின் அகலத்துக்கு ஒரு ஜன்னல். அதற்கு மேல் போடும் உத்தரத்தைக் கதவுக்குப் போடும் உயரத்தில், அதே கனத்தில் போட்டேன். ஜன்னலுக்குக் கீழே குழாய், கம்பி எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன். வெறும் செங்கல். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஜன்னல்தானே, அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டார். பிளானில் ஒவ்வோர் அறைக்கும் பெயர் எழுதவேண்டும். அண்ணனுடைய அறைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் தவுக்கேயைக் கேட்டேன். படுக்கையறையும் இல்லை, கோயிலும் இல்லை என்றால் ஸ்டோர் என்று போடு, பிளானுக்கு அனுமதி தருகிற இடத்தில் கேள்வி வராது என்றார். போட்டுவிட்டேன். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எம்மவன் ஸ்டோர்ல கெடக்குற சாமானா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

வீடு எழும்பியது. குடிபோன அன்று விளக்கை அணைக்காமல் கொண்டுபோக வேண்டும் என்பதால், அண்ணி அதை ஒரு பால்மாவு டின்னுக்குள் இறக்கி வைத்து, லோரியின் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். செம்மண் பாதையில் பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் டின்னின் வாயை மூடிக்கொண்டாள். இறங்கும்போது பார்த்தேன், உள்ளங்கை சிவந்திருந்தது.

திருவிழாக் காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நாடகக் குழு வந்து இறங்கியது. சுருட்டிய படுதாக்கள், ஆர்மோனியம், பவுடரும் சாயமும் நகைகளும் வைக்கும் தகரப் பெட்டி, இத்தனையோடும் ஒரு லோரி நிறைய ஆட்கள். பாதை முனையிலிருந்தே சிரிப்பும் கூச்சலும் கேட்டது. எனக்குக் குஷி தாங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். வாசற்படி ஏறியதும் சத்தம் நின்றது. எதிரே அண்ணன். மாலையும் விளக்குமாக, என் கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அப்பாவுக்கு மனசு நிறைந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருமே சத்தமாகப் பேசவில்லை. சாப்பிட்டார்கள், அவரவர் அறையில் போய் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினார்கள். கூடத்தைக் கடக்கும்போது நுனிக்காலில் நடந்தார்கள். சாயங்காலம் முழு வேஷத்தோடு ஒத்திகை என்று சொல்லியிருந்தார்கள். பெட்டியை யாரும் திறக்கிற வழியாக இல்லை. குழுவை நடத்தும் வாத்தியார் வெளியே ரம்புத்தான் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். நல்ல மனிதர், வேலியில் போகிற சண்டையையும் விலக்கிவிடுகிறவர். அவரே என்ன சொல்வதென்று தெரியாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. துக்கம் இருக்குற எடத்துல நாங்க பொட்டி தொறக்க மாட்டோம்."

அவர் விளக்கிச் சொன்னது இதுதான். பெட்டிக்குச் சூடம் காட்டித் திறந்துவிட்டால், முகத்தைத் துடைக்கும்வரை யாரும் அழக்கூடாது, சாவைப் பற்றிப் பேசவும் கூடாது. ஆட்டத்தின் நடுவில் ஒருவன் வீட்டிலிருந்தே சாவுச் செய்தி வந்தாலும், அவன் அரிதாரத்தைத் துடைத்த பிறகுதான் சொல்வார்கள். இங்கே கூடத்தில் மாலை போட்ட படம், எந்நேரமும் எரியும் துக்க விளக்கு. இதற்கு முன்னால் எப்படிப் பவுடர் பூசுவது? அப்பா எத்தனையோ வருஷமாக நாடகம் பார்க்கிறவர். ஆனால் பார்த்ததெல்லாம் முதல் வரிசையில் இருந்து. திரைக்குப் பின்னால் என்ன விதி என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டிய அண்ணன் படத்தில் இருந்தான்.

"எம்மவன் ஒங்களுக்குத் தீட்டா?" என்றார் அப்பா.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். நான் என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். ஒரு வேட்டியைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் திரை கட்டினேன். அப்பா அவிழ்த்துப் போட்டார். விளக்கை மட்டும் அண்ணி அறைக்குள் வைக்கலாமே என்றேன். அவர் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். கொல்லைப்புறத்தில் ஒத்திகை பார்க்கலாம் என்றேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கும் கூடத்துக்கும் நடுவே நாய் மாதிரி அலைந்தேன். எதை அளக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சுங்கை பெசார் கோயில் கொட்டகைக்கே போய்விடுகிறோம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். படுதாக்கள் ஒவ்வொன்றாக லோரியில் ஏறின. தகரப் பெட்டியும் ஏறியது. கயிறு போட்டு இறுக்கிவிட்டார்கள். அண்ணன் ஆசைப்பட்ட வீட்டிலிருந்து அண்ணன் பெயராலேயே அவர்கள் போகிறார்கள். அடுப்படி நிலையில் சாய்ந்து அண்ணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். லோரி போய்விட்டால் இந்த வீட்டில் அவளும் விளக்கும்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளினாள். அதை விளக்கின் திரிமேல் வைத்து அழுத்தினாள். சுடர் குளிர்ந்து ஒரு நூல் புகை எழுந்தது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். கண்ணாடியில் இருந்த சந்தனப் பொட்டைத் தேய்த்துத் துடைத்தாள். படத்தை ஆணியிலிருந்து இறக்கி, மார்போடு அணைத்து எடுத்துவந்து, ஒத்திகை பார்ப்பவர்களுக்காகப் போட்டிருந்த முதல் வரிசையின் நடு நாற்காலியில் நிமிர்த்தி வைத்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றார் அப்பா.

"மாமா, ஒத்திகை அன்னைக்கு அவரு எங்க ஒக்காருவாரு?"

பதில் எங்கள் எல்லாருக்கும் தெரியும். சாயம் தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க, முதல் வரிசை நடு நாற்காலியில்தான் அண்ணன் உட்காருவான். எவனாவது முன்னால் வந்தால், தள்ளுலா, மறைக்குது என்று கத்துவான்.

"மாலை போட்டுக்கிட்டா ஒக்காருவாரு?" என்று அண்ணி கேட்டாள். "நாடகம் முடியிற வரைக்கும் அவரு பாக்க வந்தவரு மாமா. முடிஞ்சதும் நானே வெளக்கேத்துறேன்."

மாலை இல்லாமல், பொட்டு இல்லாமல், நாற்காலியில் அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளாக அவன் சிரிக்கிறான் என்பதையே நான் கவனிக்கவில்லை. அப்பாவும் அவனைப் பார்த்தார். பிறகு திரும்பி லோரியிடம் போனார். யாரையும் கிட்டே விடாமல் அவரே கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். தகரப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கினார்.

வாத்தியார் சூடம் காட்டினார். பெட்டி திறந்தது. எல்லாரும் பவுடர் பூச உட்கார்ந்த பிறகு, அவர் அண்ணி பக்கம் பார்த்து, ராணி வேஷம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று ஆர்மோனியத்திடம் சொல்வதுபோலச் சொன்னார். அண்ணி அப்பாவைப் பார்த்தாள். அப்பா போய் அண்ணன் படத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வரிசையில்.

முதல் அடி பிசிறு தட்டியது. இருமினாள். வாத்தியார் சுருதியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தார். இரண்டாம் தடவை குரல் எழுந்து கூரையில் முட்டியது. பெட்டி திறந்திருக்கும்போது அழக்கூடாது. அப்பா தோளில் கிடந்த துண்டின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. எழுந்து வெளியே ஓடி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், அண்ணி அறையின் பின்ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு ஆசை தீர அழுதேன். பாட்டு அங்கேயும் நன்றாகக் கேட்டது. கட்டடம் மோசமில்லை என்று அந்த அழுகையிலும் நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகை முடிந்து முகங்களைத் துடைத்தார்கள். அண்ணி படத்தைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, சொன்னபடி விளக்கேற்றினாள். அப்பா போய்ப் படுத்துவிட்டார்.

விடிந்தபோது குழு புறப்பட ஆயத்தமானது. சுங்கை பஞ்சாங் பக்கம் முதல் ஆட்டம், அண்ணிதான் ராணி. பின்பக்கம் ஏதோ தட்டும் சத்தம் கேட்டுப் போனேன். அப்பா கடப்பாரையோடு ஜன்னலுக்கு முன்னால் நின்று, கீழ்ச்சுவரைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குக் கீழ ஒடச்சா மேல நிக்குமா?"

"நிக்கும்பா."

என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அகலத்தைக் கையை விரித்து அளந்து பார்த்தார். திருட்டுக் கழுதை, அண்ணனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய் என்றார். ஏசுகிறாரா மெச்சுகிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முதல் அடியை அவர் போட்டார். செங்கல் உதிர்ந்தது.

அண்ணி ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு அறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தூசி அடங்கியதும், "போயிட்டு வர்றேன் மாமா" என்றாள். கூடத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "வெளக்கு..."

"வெளக்க நான் பாத்துக்குறேன்" என்றார் அப்பா. கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "நீ எந்நேரம் வந்தாலும் வாம்மா. இந்தக் கதவுக்குத் தாப்பா வைக்கப் போறதில்ல."

அப்போது அங்கே கதவே இல்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடைந்த செங்கல்லைத் தாண்டி அண்ணி லோரிக்குப் போனாள்.